டீசலிலும் கலப்பு வருமா? வடசென்னை லாரிகளும் படகுகளும் கவனிக்க வேண்டிய எண் ‘51’

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாச்சு. அடுத்தது டீசலா? டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி வெற்றி பெறவில்லை, இப்போது 10 சதவீதம் ஐசோபியூட்டனால் கலந்து சோதனை நடக்கிறது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2025 செப்டம்பரில் தெரிவித்தார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் காசிமேடு விசைப்படகுகளும் டீசலை நம்பியே ஓடும் வடசென்னைக்கு இது சாதாரணச் செய்தி இல்லை. ஏன்?

ஸ்பார்க் பிளக் இல்லாமல் எரிவது எப்படி?

பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கும். டீசல் இன்ஜினில் அது கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்தும் வேகத்தில் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது இன்ஜெக்டர் டீசலைத் தெளித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும்.

ஆனால் தெளித்த அதே கணத்தில் பற்றாது. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம்தான் என்றாலும் சின்னத் தாமதம் இருக்கும். விஷயமே இங்கேதான் இருக்கு. தாமதம் நீண்டால், அதற்குள் நிறைய டீசல் சிலிண்டரில் சேர்ந்து மொத்தமாகப் பற்றும். அழுத்தம் திடீரென எகிறும். இன்ஜின் ‘டக டக’ என அடிக்கும். அதிகாலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை வரும்.

சீட்டேன் எண் என்றால் என்ன?

டீசல் எவ்வளவு சீக்கிரம் பற்றும் என்பதற்கான மார்க்தான் சீட்டேன் எண். எண் கூடினால் தாமதம் குறையும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள பிஎஸ்-6 தரப்படி இது குறைந்தது 51 இருக்க வேண்டும். மணலி சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலையில் தயாராகி பங்க்குக்கு வரும் டீசலுக்கும் இதே விதிதான். ஐரோப்பாவிலும் 51, அமெரிக்காவில் 40 போதும்.

அப்போ எண் கூடக் கூட மைலேஜும் கூடுமா? அப்படி இல்லை. இன்ஜினுக்குத் தேவையான அளவு கிடைத்துவிட்டால், அதற்கு மேல் பெரிய லாபம் கிடையாது. குறைந்தால்தான் பிரச்சினை.

ஐசோபியூட்டனால் கலந்தால்?

ஆல்கஹால் வகை எரிபொருள்கள் தானாகப் பற்றுவதில் மந்தம். எத்தனாலின் சீட்டேன் எண் 10-ஐக்கூடத் தொடாது. ஐசோபியூட்டனாலும் 20-க்குக் கீழேதான். எனவே கலக்கும்போது 51-க்குக் கீழே போகாமல் இருக்க, சீட்டேனை உயர்த்தும் ரசாயனத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது, சக்தி. ஒரு லிட்டர் ஐசோபியூட்டனாலில் டீசலைவிட சுமார் கால் பங்கு சக்தி குறைவு. 10 சதவீதம் கலந்தால் மைலேஜ் 2 முதல் 3 சதவீதம் குறையலாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. டீசலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தது 35 டிகிரி என்கிறது இந்தியத் தரம். ஐசோபியூட்டனாலுக்கு அது சுமார் 28 டிகிரி. சென்னை வெயிலில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

நன்மையே இல்லையா?

இருக்கு. ஆல்கஹாலில் ஆக்சிஜன் இருப்பதால் கரும்புகை குறைய வாய்ப்புண்டு. கச்சா எண்ணெய் தேவையில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் மிச்சம். தண்ணீர் பட்டால் டீசலில் இருந்து எத்தனால் எளிதில் பிரிந்துவிடும். ஐசோபியூட்டனால் அதைவிட நன்றாகக் கலந்து நிற்கும்.

வடசென்னைக்கு ஏன் முக்கியம்?

துறைமுக வரிசையில் இன்ஜினை அணைக்காமல் மெல்ல நகரும் லாரியில் சிலிண்டர் வெப்பம் குறைவு. சீட்டேன் குறைந்தால் முதலில் திணறுவது இந்த நிலையில்தான். புதிய இன்ஜின்களில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு ஓரளவு சமாளிக்கும். பழைய லாரிக்கும் படகு இன்ஜினுக்கும் அந்த வசதி இல்லை. படகு டேங்கில் தண்ணீர் சேரும் ஆபத்து வேறு.

எனவே சோதனை முடிவு வரும்போது கேட்க வேண்டியவை மூன்று: கலந்த பிறகும் சீட்டேன் எண் 51 இருக்கிறதா? பழைய லாரி, படகு இன்ஜின்களிலும் ஓட்டிப் பார்த்தார்களா? மைலேஜ் குறைந்தால் லிட்டர் விலையும் குறையுமா? டீசல் செலவை வைத்தே நாள் கணக்குப் பார்க்கும் லாரி ஓட்டுநருக்கும் மீனவருக்கும் இதற்கான பதில்தான் முக்கியம்.