கார் கூரைத் துணி தலையில் விழுகிறதா?

கேள்வி: எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். 2006 மாடல் டீசல் இண்டிகா ஒன்றைப் பழசாக வாங்கி ஓட்டுகிறோம். பையனைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் அதில்தான். வண்டி ஓட்டுவது நான். ஒரு வருடமாகக் கூரையின் உள்பக்கத் துணி கழன்று தொங்குகிறது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கும் கண்ணாடியை மறைக்கிறது. மஞ்சளாக ஒரு பொடி வேறு கொட்டுகிறது. பையனுக்கு வீசிங் உண்டு. காரில் ஏறினாலே இருமுகிறான். கடையில் 6,000 ரூபாய் கேட்டார்கள். மஞ்சள் வெட்டுக்கு ஆள்கூலி கொடுக்கவே திணறுகிற நேரம். ஸ்டேப்ளர் பின் அடித்து நிறுத்திவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். நாங்களே துணியை மாற்ற முடியுமா?
– வாசகி, கொடுமுடி பகுதி

பதில்: முடியும் அம்மணி. இரண்டு பேர், ஒரு முழு நாள், ஒரு ராத்திரி காய விடும் நேரம். இவ்வளவு இருந்தால் போதும்.

உரம், பூச்சி என்று எழுதுகிற பக்கத்தில் கார் கூரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தக்காளிக் கூடையும் பால் கேனும் விதை மூட்டையும் ஏறுகிற கார் நம்மிடம் டிராக்டரைப் போல ஒரு விவசாயக் கருவிதான். தவிர, இந்தத் தபாலோடு சேர்த்துக் கூரைத் துணி பற்றி மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த மஞ்சள் பொடி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் காரில் கூரைத் தகரத்துக்குக் கீழே அச்சில் வார்த்த ஒரு அட்டை இருக்கிறது. அதன் மேல் ஒட்டிய துணிக்குப் பின்னால் 3 மில்லிமீட்டர் அளவில் மெல்லிய ஸ்பாஞ்ச் உண்டு. பாலியூரித்தேன் என்ற பொருள் அது. வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் பிசுபிசுத்து, பிறகு பொடிப்பொடியாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சூடும் ஈரக்காற்றும் சேர்ந்து ஸ்பாஞ்சையும் அதே கதிக்குக் கொண்டுவருகின்றன. சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு 50 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். தகரத்தை ஒட்டிய இடத்தில் இன்னும் அதிகம். ஆக, பழுதாகி இருப்பது பசை அல்ல, ஸ்பாஞ்ச். இது புரியாமல் பழைய துணிக்குள்ளேயே பசையை ஊற்றி அமுக்குகிறார்கள். பொடியின் மேல் பசை என்ன பிடிக்கும்? பத்து நாளில் திரும்பத் தொங்கும்.

ஸ்டேப்ளர் பின்னும் வேண்டாம். அட்டையில் அது நிற்காது. குலுங்கும் வண்டியில் கழன்று பிள்ளைகள் மடியில் விழும். போர்டு பின் குத்துகிறவர்களும் உண்டு. திடீர் பிரேக்கில் தலை மேலே மோதினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வேலை செய்யும் நாள் வரை தொங்குகிற துணியைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு ஓட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் துணியை எடுத்தால் பொடி நேராகக் கொட்டும். அதனால் பையன் அந்தக் காரில் அதுவரை ஏறக்கூடாது. இருமலுக்கு இந்தப் பொடிதான் காரணம் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வீசிங் உள்ள பிள்ளைக்கு எந்தப் பொடியும் ஆகாது. கார் வேலை முடியட்டும் என்று டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

துணி வாங்கும்போது 'ரூஃப் லைனிங், ஸ்பாஞ்ச் ஒட்டியது' என்று கேளுங்கள். சீட் கவர், ரெக்சின் விற்கும் கடைகளில் கிடைக்கும். இண்டிகா அளவு காருக்கு ஒன்றரை மீட்டர் அகலத்தில் 2 முதல் 2.5 மீட்டர் நீளம் போதும். அட்டையின் வளைவுகளில் டேப்பைப் படியவிட்டு அளந்து, எல்லாப் பக்கமும் அரையடி கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெட்ஷீட், பழைய சேலை, ஸ்கிரீன் துணி எதுவும் ஆகாது. ஸ்பாஞ்ச் இல்லாத துணியில் பசை ஊறி வெளியே கறையாகத் தெரியும். அட்டையின் மேடு பள்ளமும் அப்படியே காட்டும். நிறம் உங்கள் விருப்பம். புழுதிக்காட்டில் ஓடும் வண்டிக்கு வெள்ளையைவிடச் சாம்பல் நிறம் நல்லது.

பசை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மர வேலைக்கு உள்ள வெள்ளை ஃபெவிகால் இதற்கு உதவாது. ரெக்சின், ஸ்பாஞ்ச் ஒட்டும் ரப்பர் பசை வேண்டும், ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்றது. சூடு தாங்கும் ஸ்பிரே பசை கிடைத்தால் இன்னும் சுலபம், விலைதான் கூடுதல். இரண்டிலும் ஆவியாகும் கரைப்பான் இருக்கிறது. அது தீப்பிடிக்கும், மூச்சில் போனால் தலை சுற்றும். எனவே காருக்குள் உட்கார்ந்து பூசவே கூடாது. களத்தில், காற்றோட்டமான நிழலில் செய்யுங்கள். அடுப்பு, பீடி, வெல்டிங் எதுவும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

துணியை வெட்டுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கூரை ஒழுகுகிறதா பாருங்கள். ஒரு ஆள் உள்ளே உட்கார, இன்னொருவர் மேலே கால் மணி நேரம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தட்டுக்கட்டு ஏற்றுவதற்காகக் கேரியர் மாட்டிய வண்டியாக இருந்தால் போல்ட் ஓட்டைகளைக் கவனியுங்கள். முன் கண்ணாடி ரப்பரின் மூலைகளும் ஒழுகும். ஒழுகலை அடைக்காமல் புதுத் துணி ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பையனுக்கு அது இந்தப் பொடியைவிடக் கெடுதல்.

இனி அட்டையைக் கழற்றுவது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை எடுத்துவிடுங்கள். வெயில் மறைப்பு, உள் கண்ணாடி, கைப்பிடிகள், கூரை விளக்கு எல்லாம் வரிசையாகக் கழற்ற வேண்டும். கைப்பிடி ஸ்குரூ சிறு பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். பிறகு கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங், தூண்களை மூடியிருக்கும் பிளாஸ்டிக். சீட் பெல்ட்டின் மேல் போல்ட்டைக் கழற்ற வேண்டி வந்தால், திரும்ப மாட்டும்போது மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரியான இறுக்கத்தில் முறுக்கச் சொல்லுங்கள். அது உயிர் காக்கும் போல்ட். வயதான பிளாஸ்டிக் கிளிப்புகளில் நாலைந்து கட்டாயம் உடையும். மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடிப் பிடித்துவிடலாம். ஸ்குரூக்களைத் தனித்தனிக் கவரில் போட்டு 'முன் இடது', 'பின் வலது' என்று எழுதி வையுங்கள். சாயங்காலம் அருமை தெரியும்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படிக்கும் வேறு யாரிடமாவது பக்கவாட்டுக் கூரையில் ஏர்பேக் உள்ள புதிய கார் இருந்தால் கையே வைக்க வேண்டாம். தூண் பிளாஸ்டிக்கில் 'ஏர்பேக்' என்று எழுத்து இருந்தால் அது கம்பெனி ஒர்க்‌ஷாப் வேலை.

முன் சீட்டுகளைச் சாய்த்துவிட்டு, அட்டையை இரண்டு பேர் பிடித்து டிக்கி வழியாக வெளியே எடுங்கள். வளைத்தால் ஒடிந்துவிடும். சின்ன விரிசல் இருந்தால் பின்பக்கத்தில் கெட்டித் துணிப் பட்டை ஒட்டிச் சரிசெய்யலாம். இப்போது முகத்தில் என்95 மாஸ்க் கட்டிக்கொண்டு, துணியை உரித்து, மிச்ச ஸ்பாஞ்சை மென்மையான பிரஷ்ஷால் முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டும். மொத்த வேலையில் சலிப்பான பகுதி இதுதான். இரண்டு மணி நேரம் ஆகும். இதில் அவசரப்பட்டால் மற்றது எல்லாம் வீண். கை வைத்துத் தடவினால் பொடி ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. அட்டையைத் தண்ணீரில் கழுவாதீர்கள், ஊறி உப்பிவிடும். கூட்டிய பொடியைக் குப்பைக்குழியில், கட்டுத்தரைப் பக்கம் கொட்ட வேண்டாம். மக்காத பொருள் அது. எரிக்கவும் கூடாது. மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

ஒட்டும்போது பாதி பாதியாகச் செய்யுங்கள். துணியை அட்டை மேல் விரித்து நடு சரிபார்த்து, முன்பாதியை மடித்துப் பின்னால் போடுங்கள். அட்டையிலும் ஸ்பாஞ்சிலும் மெல்லிசாகப் பசை பூசி, தொட்டால் கையில் ஒட்டாத பதம் வரும் வரை காத்திருங்கள். 10 முதல் 15 நிமிடம் ஆகும். ஈரமாக ஒட்டினாலும் கெட்டியாகப் பூசினாலும் பசை ஸ்பாஞ்சுக்குள் இறங்கிக் கறை போடும். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக்கொண்டே போக வேண்டும். சப்பாத்திக் கட்டை உருட்டுகிற அழுத்தம் வேண்டாம், ஸ்பாஞ்ச் சப்பிவிடும். விளக்குப் பள்ளத்தில் துணியை இழுத்துப் பாலம் போல நிற்கவிடாமல், தளர்த்தி உள்ளே படியவிடுங்கள். முதல் சூட்டில் துணி கழன்று எழும்புவது அங்கேதான். முன்பாதி முடிந்ததும் பின்பாதி. ஓரத்தில் இரண்டு அங்குலம் விட்டு வெட்டிப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். ஸ்குரூ ஓட்டைகளுக்கு நடுவில் சின்னதாகக் குறுக்குக் கீறல் போதும்.

ஒரு ராத்திரி காயவிட்டுக் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டுங்கள். மாட்டிய பிறகு குறைந்தது இரண்டு மூன்று நாள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு நிழலில் நிறுத்தி, பசை நாற்றம் முழுக்கப் போன பிறகுதான் பையன் ஏற வேண்டும். பூச்சிமருந்து கேனை இனி அந்தக் காருக்குள் ஏற்றாதீர்கள். புதுத் துணி அந்த வாடையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் ஆம்னி வேனின் கூரைக்குள் எலி கூடு கட்டியிருக்கிறது. துணியெல்லாம் நாற்றம். தானியத்துக்கு வைக்கும் மாத்திரை ஒன்றை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா?
– வாசகர், உடுமலை பகுதி

பதில்: கூடவே கூடாது. அந்த மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. காற்றில் உள்ள ஈரம் பட்டதும் பாஸ்பின் என்ற விஷ வாயுவை விடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில் மட்டும் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. பெட்டி போன்ற வேனுக்குள் மறுநாள் நீங்கள் ஏறினால் எலிக்கு நேர்ந்ததே உங்களுக்கும் நேரும். கையில் இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வைத்து, உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் விவரம் கேளுங்கள். மற்ற எலி விஷமும் கூரைக்குள் வேண்டாம். செத்த எலியை எடுக்க மறுபடி அட்டையைத்தான் கழற்ற வேண்டும். எலிப்பொறி வையுங்கள்.

எலி போனதும் அட்டையைக் கழற்றுங்கள். உலர்ந்த கூட்டைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதன் வழியாக ஏறும். ரப்பர் கையுறை, மாஸ்க் போட்டுக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு ஈரத்தோடு அள்ளுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் டாக்டரிடம் இந்த வேலை செய்ததைச் சொல்லுங்கள்.

மூத்திரம் ஊறிய அட்டையைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம். பழைய பாகக் கடையில் வேறு அட்டை வாங்கி, மேலே சொன்ன முறையில் துணி ஒட்டுங்கள். பேட்டரியை இணைக்கும் முன் கூரை விளக்கு ஒயரைக் கடைசி வரை பாருங்கள். எலி கடித்த ஒயர் தீயில் முடியும். மக்காச்சோள மூட்டைக்கும் தட்டுப் போருக்கும் பக்கத்தில் வேனை நிறுத்துவதை விட்டால்தான் எலி விடும்.

கேள்வி: அப்பாவின் நினைவாக வைத்திருக்கும் அம்பாசிடர் காரின் கூரைத் துணி கிழிந்துவிட்டது. அதையும் இப்படி ஒட்டலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: அது வேறு சாதி. உற்பத்தி நின்றது 2014இல்தான் என்றாலும் அம்பாசிடரின் உடலமைப்பு 1950களின் கார் அமைப்பு. அந்தக் காலத்து முறையில் அட்டை இல்லை. துணியின் பின்பக்கம் தைத்த பட்டைகளுக்குள் வளைந்த கம்பிகள் குறுக்கே ஓடும்; கம்பிகளின் முனை கூரையின் இருபக்கத் துளைகளில் உட்கார்ந்திருக்கும். பந்தலில் துணி கட்டுவது மாதிரி. ஓரங்கள் மட்டும் ஒட்டி, பீடிங்குக்கு அடியில் செருகியிருப்பார்கள்.

கம்பிகள் எல்லாம் ஒரே அளவு அல்ல. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக 1, 2, 3 என்று டேப் ஒட்டி எண் போடுங்கள். பழைய துணி எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதைத் தையல் பிரித்து விரித்தால் அதுதான் அளவு. வீட்டில் கெட்டித் துணி தைக்கும் மெஷின் இருந்தால் தையல் வரை நீங்களே செய்துகொள்ளலாம். மாட்டுவதை அனுபவமுள்ள குஷன் கடைக்காரரிடம் விடுங்கள். இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் முன், பின் கண்ணாடி ரப்பரைத் தளர்த்தித்தான் துணியின் முனையைச் செருக முடியும். கண்ணாடி உடைந்தால் பழைய வண்டிக்கு மாற்று தேடுவது துணி தைப்பதைவிடப் பெரிய அலைச்சல். ரெக்சின் துணியாக இருந்தால் வெயில் நாளில் மாட்டச் சொல்லுங்கள், இளகி நன்றாக இழுபடும்.