நிமிர்ந்த தொட்டியும் நீரோட்டமும்

தியாகராய நகர், மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் அடுக்குமாடி இல்லங்கள் பெருகிவிட்ட இந்நாளில், கூடத்தின் மூலையிற் சிறிதிடமே கொள்ளும் உயர்ந்த கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடிகளையும் மீன்களையும் வளர்த்தல் பலர்க்கும் விருப்பமாயிற்று. அது கண்ணுக்கு இனிதே. ஆயினும் சில திங்களுள் அடியிலுள்ள இலைகள் வெளிறி உதிர, மேற்புறக் கண்ணாடியிற் பாசி படர்வதைக் காண்கிறோம். உடனே உரமும் ஒளியும் போதவில்லையென்று கருதி, இரண்டையும் மிகுவிப்பார் பலர். இது நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும். பெரும்பாலும் ஆங்குக் குறைவது உணவன்று, அவ்வுணவைக் கொண்டுசெல்லும் ஓட்டமே என்பது எமது துணிபு.

காரணத்தைக் கணக்காற் காட்டுவாம். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 2½ அடி உயரமும் உடைய தொட்டி 5 கன அடி, அதாவது ஏறத்தாழ 141 லிட்டர் நீர் கொள்ளும். அதன் நீர்ப்பரப்போ 2 சதுர அடியே. அதே நீரை 1 அடி உயரமுள்ள தொட்டியில் விடின் பரப்பு 5 சதுர அடியாகும். காற்றிலுள்ள பிராணவாயு நீருட் புகுவது மேற்பரப்பின் வழியே ஆதலின், நிமிர்ந்த தொட்டி வாயில் சிறுத்த வீடு போன்றது. மேலும், கரியமில வாயு காற்றிற் பரவுவதினும் நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். ஒவ்வோர் இலையையும் அசையாத மெல்லிய நீர்ப்படலமொன்று போர்த்திருக்கும். இலை தன்னருகேயுள்ள சத்தை உண்டபின், ஓட்டம் வந்து அப்படலத்தை மெலிவித்தாலன்றிப் புதிய சத்து விரைந்து எய்தாது.

இவ்வுண்மையை நம் அண்டையிலேயே காணலாம். அடையாற்றின் முகத்துவாரத்தில் மணல்மேடு எழுந்து கடலேற்றத்தைத் தடுக்கும் பொழுதெல்லாம் கழியின் நீர் தேங்கி நாறுகின்றது. ஆங்குச் சத்துக்குக் குறைவில்லை; நகரக் கழிவுநீர் அதனை வேண்டுமளவினும் மிகுதியாகவே கொணர்கின்றது. ஓதம் ஏறியிறங்கும் இயக்கம் குன்றவே, அச்சத்து நஞ்சாக முடிகின்றது. 2011ஆம் ஆண்டு 58 ஏக்கரில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவில் உப்பங்கழியை மீட்டோரும் செடி நடுதலோடு அமையாது, குப்பையை அகற்றி நீர்நிலையை ஆழப்படுத்துதலையும் உடன் மேற்கொண்டனர்.

அற்றேல், 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் இரசாயன அறிஞர், பம்பு ஏதுமின்றியே வாலிஸ்னேரியாச் செடியையும் பொன்மீனையும் நத்தையையும் ஒரு பாத்திரத்தில் வாழவைத்ததாக எழுதினாரே எனின், உண்மையே. ஆனால் அவர் வைத்தது இரண்டு சிறு மீன்களும் ஒரு சிறு செடியுமே. பாத்திரமும் பாதியளவே நீர் கொண்டிருந்தது. உயர்ந்த தொட்டியிற் புதர்போலச் செடிகளை நெருக்குவார்க்கு அவ்வமைதி வாய்ப்பதரிது.

நிற்க, செய்யத்தக்கவை சிலவே. வடிகட்டியின் உறிஞ்சு குழாயை ஒரு மூலையில் அடிவரை இறக்குக. நீரை வெளியிடும் வாயை அதே பக்கத்தில் மேலே வைத்து, எதிர்க் கண்ணாடியை நோக்கிச் செலுத்துக. நீர் எதிர்ப்புறம் மோதி இறங்கி, அடிவழியே திரும்பும். அஃது அடியை எட்டாவிடில், துளைகளிட்ட குழாயொன்றை மூலையிற் செங்குத்தாக நிறுத்தி அதன் வழியே நீரை விடுக. எல்லா மட்டத்திற்கும் ஓட்டம் பகிரப்படும். அடர்ந்த புதர்களைக் கழித்து வழி விடுக. வேராற் சத்துண்ணும் செடிகட்கு உரவில்லைகளை மணலிற் புதைத்தல் நன்று. எனினும் அளவு வேண்டும். மேற்பரப்பைக் கொந்தளிக்கச் செய்யின், செடிகளுக்கெனத் தனியே செலுத்திய கரியமில வாயு வெளியேறிவிடும். சண்டைமீன் போன்றவை விரைந்த ஓட்டத்தில் அல்லலுறும். அடியிலுள்ள இலை மெல்ல அசைவதே போதிய அளவென்க.

ஆற்றில் வாழும் உயிர் ஓரிடம் கெடின் வேறிடம் பெயரும். தொட்டியில் அடைபட்ட உயிர்க்கோ அடைத்தவரே ஆறும் கடலும் ஆவார். ஆதலின், மீன் வளர்க்கும் நண்பர்காள், இன்னுமோர் உரக்குப்பி வாங்குமுன், முன்னர் இட்டது அடிவரை சென்று சேர்ந்ததா என்று நோக்குமின். கொடுத்தலின் பயன் சென்று சேர்தலிலேயே உளது.