சிலைக்கு மாலை, சகோதரிக்கு?

புகாரிலே பிறந்த கண்ணகி, மதுரையிலே நீதி கேட்டு இடமுலை திருகி எறிந்தாள் என்கிறது சிலம்பு. பத்தினித் தெய்வம் என்று போற்றுகிறோம். 1968-இல் சென்னைக் கடற்கரையிலே சிலையும் எழுப்பினோம். நன்று! ஆனால், அதே காவிரிக் கரையிலே புற்றுநோய்க்கு மார்பகத்தைப் பறிகொடுத்து வீடு திரும்பும் சகோதரிக்கு நாம் தருவது என்ன? “முற்பிறவிப் பாவம்” என்ற பட்டம்!

உயிரணுக்கள் கட்டுமீறிப் பெருகுவது நோய். அதற்கும் கருமத்துக்கும் என்ன உறவு? 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் அடையாற்றிலே கண்டது பரிகார மண்டபமன்று, புற்றுநோய் மருத்துவமனை!

இன்று அறிவியல், அவள் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து, நுண்ணோக்கியின் துணையால் குருதிக் குழாய்களை இணைத்து, அவள் உடலைக் கொண்டே புது மார்பகம் சமைக்கிறது. “பிள்ளை பெற்று முடித்தவளுக்கு இது எதற்கு?” என்கிறார் வீட்டுப் பெரியவர். 2018-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையிலே ஏழைப் பெண்களுக்கும் மார்பக அறுவை இலவசம் என்றபோதும் குறை கூறும் குரல்கள் எழுந்தன. பெரியவரே! பல் போனால் பல் கட்டிக்கொள்கிறீரே, அது ஆடம்பரமா? வேண்டும் என்பதும், வேண்டாம் என்பதும் அவள் உரிமை. உம்மிடம் தீர்ப்புக் கேட்டவர் யார்?

அறுவையோடு முடிந்துவிடுகிறதா துன்பம்? காயம் இரண்டு: மார்பிலே ஒன்று, வயிற்றிலே ஒன்று. முதல் சில நாட்கள், பொருத்திய பகுதியின் நிறத்தையும் சூட்டையும் செவிலியர் இரவு பகலாகப் பார்த்தபடி இருப்பர். குருதியோட்டம் தடைப்பட்டால் அத்தனையும் பாழ். வீடு திரும்பிய பின்னும் நிமிர்ந்து நடக்கப் பல நாட்களாகும். ஏறத்தாழ ஆறு வாரம் பாரம் தூக்கலாகாது. மருத்துவர் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறார். வீட்டிலே காத்திருப்பவை எவை? தண்ணீர்க் குடம், அடுப்படி, மாட்டுக் கொட்டில்! “பத்து நாளாயிற்றே, இன்னும் படுக்கையா?” என்ற ஏச்சு!

தஞ்சைத் தரணியின் உழவனே! பறித்து நட்ட நாற்று மறுநாளே நிமிர்வதில்லை என்பதை அறியாதவனா நீ? பச்சை பிடிக்கும்வரை வாய்க்காலுக்கும் வரப்புக்கும் அலைகிறாயே! நாற்றுக்குக் காட்டும் பொறுமையை, நட்ட கைகளுக்குக் காட்டலாகாதா?

குடத்தை நீ தூக்கு. உலையை நீ வை. மகனுக்கும் கற்றுக்கொடு. ஆறு வாரம்! இது நீ அவளுக்குச் செய்யும் உதவியன்று. ஆண்டுக்கணக்கிலே அவள் உழைப்பை உண்டதற்குத் திருப்பித் தரும் கடன். அதைத் தீர்த்துவிட்டு வா, சிலைக்கு மாலை சூட்டுவோம்!