படத்தை அமுக்காதீங்க, சாமிகளா!

பாட்டுக் கேட்கும் வினாம்ப்புக்கு ஸ்கின் செய்கிறவர்களில் ஒரு சாராருக்கு ஒரே பல்லவி: "எல்லாத்தையும் பூட்டி வெச்சுட்டான், இதுல எங்கேருந்து கற்பனை வரும்?"

1998-ல் வந்த வினாம்ப் 2-இல் பிரதான சன்னல் 275 பிக்சல் அகலம், 116 பிக்சல் உயரம். பாட்டை ஓடவிடும் பொத்தான் இடமிருந்து 39, மேலிருந்து 88 என்ற புள்ளியில் தொடங்கும். அதன் அளவு 23-க்கு 18. இம்மியும் நகராது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தச் சன்னலின் வடிவம் ஏறக்குறைய சினிமாஸ்கோப் திரையின் வடிவம். அதில் முழுநீளப் படமே எடுக்கிறார்கள்!

இவர்கள் செய்வது என்ன? எங்கிருந்தோ ஒரு கார் படத்தை எடுத்து 275-க்கு 116-ல் அமுக்குகிறார்கள். கார் நசுங்கிய தகர டப்பா ஆகிறது. அடுத்து பொத்தான்கள். அவை தனிக் கோப்பில் இருக்கும் செவ்வகத் துண்டுகள். பின்னணியை அப்படியே மூடிவிடும். ஆகவே பின்னணியில் அதே 39, 88-லிருந்து ஒரு துண்டை வெட்டி, அதன்மேல்தான் பொத்தானை வரைய வேண்டும். ஒரு பிக்சல் தப்பினாலும் ஒட்டுப்போட்ட சட்டைதான். அந்த வேலைக்குச் சோம்பி, சிலர் வெட்டிய துண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள், பொத்தானை வரைவதே இல்லை. பாட்டை நிறுத்தும் பொத்தான் காரின் பம்பரில் எங்கோ ஒளிந்திருக்கும். கேட்கிறவர் சுட்டியை வைத்துத் தடவ வேண்டியதுதான்.

அழுத்திய பொத்தானுக்கு அதே கோப்பில் இரண்டாவது வரிசை உண்டு. அங்கேயும் முதல் வரிசையின் நகலே! அழுந்தியதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? ஒலி அளவுக்கு 28 நிலைப் படங்கள் வரையலாம். 28-ம் ஒரே படம். (இதற்கும் பூட்டுதான் காரணமாம்.)

2002-ல் வினாம்ப் 3 பூட்டைத் திறந்தது. எந்த அளவிலும் எந்த இடத்திலும் படம் வைக்கலாம். வந்தது கற்பனையா? சன்னலை மூடும் பொத்தானையே தேடவைத்த ஸ்கின்கள்தான் ஏராளம்.

வேலை தெரிந்தவர் வெற்றுக் கட்டத்தில் முதலில் பொத்தான்களைக் குறிக்கிறார். காரின் முகப்பு விளக்கு 39, 88-ல் வந்து உட்காரும்வரை படத்தை நகர்த்துகிறார், மிஞ்சியதை வெட்டுகிறார். அமுக்குவதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2018-ல் பழைய ஸ்கின்களைத் திரட்டி உலாவியிலேயே ஓடவிட்டது. சந்தேகம் உள்ளவர்கள் பத்தைத் திறந்து, பொத்தானைத் தேடிப் பார்க்கட்டும்.