கண்ணுக்கு ஓய்வளிப்பதும் அமானிதத்தைக் காப்பதே

 

கண்ணாடியைத் தவிர்ப்பதற்காக லேசர் சிகிச்சை செய்துகொள்வது மார்க்கத்தில் கூடுமா என்று கேட்கும் பெற்றோர் அண்மைக் காலத்தில் பெருகியுள்ளனர். பிள்ளைகளை மதரஸாவில் விட வரும்போதும், ஜுமுஆவுக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்திலும் இக்கேள்வி நம்மிடம் எழுப்பப்படுகிறது. இதற்கான விடை எளிது. ஆனால் இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வியை மிகச் சிலரே கேட்கின்றனர்: சிகிச்சைக்குப் பிந்தைய நாட்களில் உளூ எப்படி, தொழுகை எப்படி, வீட்டு வேலை எப்படி?

நாம் நாற்பத்தொன்றாம் வயதில் இச்சிகிச்சையைச் செய்துகொண்டோம். ஈராண்டுகள் கழித்து எம் மகளும் செய்துகொண்டாள். இவ்விரு அனுபவங்களும் நமக்கு உறுதிப்படுத்திய கருத்து ஒன்றே. சிகிச்சை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பயனைக் காப்பது அதற்குப் பின் வரும் ஓய்வு. அந்த ஓய்வுக்குரிய சலுகைகளை மார்க்கமே வழங்கியிருக்க, அவற்றை ஏற்பவரைப் பேணுதல் குறைந்தவராக நம் குடும்பங்கள் பார்ப்பது சரியன்று.

கூடுமா என்ற கேள்வி

அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் குற்றத்தில் இது சேருமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். உறுப்பின் குறையை நீக்கி அதன் இயல்பான பணியை மீட்பது சிகிச்சையே. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குப் பொருத்தியிருந்தார்கள். அது துர்நாற்றம் வீசியபோது தங்கத்தால் அமைத்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடை செய்யப்பட்டிருந்தும் வழங்கப்பட்ட அனுமதி அது. அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. ஆகவே சிகிச்சை கூடும். ஆனால் கண்ணாடி அணிந்தால் தீர்ந்துவிடும் ஒரு குறைக்காக வட்டித் தவணையில் கடன் வாங்குவதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. பணம் சேரும் வரை கண்ணாடி போதும்.

சிகிச்சையின் தன்மை

கண்ணின் முன்புறமுள்ள தெளிவான கருவிழிப் படலம் சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்டது. லாசிக் முறையில் அதன் மேற்பரப்பில் மெல்லிய மடல் ஒன்றை எடுத்துத் திருப்பி வைத்து, உள்ளே எக்ஸைமர் லேசரால் படலத்தின் வளைவைத் திருத்தி, மடலை மீண்டும் அதே இடத்தில் படிய வைக்கின்றனர். தையல் இல்லை. இந்த லேசர் வெப்பத்தால் சுற்றுப்புறத்தைப் பொசுக்காமல் திசுவை நுண்ணிய அளவில் நீக்க வல்லது என்பதை 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவருள் ஒருவர், 1929இல் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

தையல் இல்லை என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. மடல் தானாகப் படிந்து ஒட்ட வேண்டும். கண்ணைக் கசக்கினால் அது நகரக்கூடும். அசுத்த நீரோ தூசியோ புகுந்தால் கிருமித் தொற்று ஏற்படலாம். மருத்துவர்கள் விதிக்கும் கட்டுப்பாடுகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

எல்லாக் கண்களும் இதற்கு ஏற்றவை அல்ல. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர், கண்ணின் பவர் இன்னும் மாறிக்கொண்டிருப்போர், படலம் மெல்லியதாக உள்ளோர், அது கூம்பு வடிவில் புடைக்கும் நோயுடையோர், கருவுற்ற பெண்கள், பாலூட்டும் தாய்மார் ஆகியோருக்கு இது பரிந்துரைக்கப்படுவதில்லை. 'உங்கள் கண்ணுக்கு வேண்டாம்' என்று மருத்துவர் கூறினால், அச்சொல்லை நன்மையாகவே ஏற்க வேண்டும். சிகிச்சை நாளில் அத்தர் பூசக்கூடாது என்பதையும் பலர் அறிவதில்லை. நறுமணப் பொருள்களின் ஆவி லேசர் கதிரின் செயல்பாட்டைப் பாதிக்கலாம் என்பதால் அன்று அவற்றைத் தவிர்க்கச் சொல்கின்றனர்.

உளூவும் ஒரு பெரியவரின் வருத்தமும்

முதல் நாள் மாலை கண்ணில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல், இடைவிடாத நீர், வெளிச்சத்தைக் காணவே கூச்சம். இரவில் உறக்கத்தில் கை பட்டுவிடாதபடி ஒளிபுகும் கண்மூடியை ஒட்டிக்கொண்டு படுத்தோம். மறுநாள் காலையில் சுவர்க் கடிகாரத்தின் முட்கள் கண்ணாடியின்றித் தெளிவாகத் தெரிந்தன. அல்ஹம்துலில்லாஹ். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. பார்வை தெளிந்துவிட்டதால் கண் குணமாகிவிட்டது என்று மனம் எண்ணிவிடுகிறது.

ஒரு வாரம் கண்ணில் நீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, பல வாரங்களுக்குச் சுர்மா இடக்கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தார். எனவே முகத்தை வழக்கம்போல் கழுவாமல் உளூ செய்தோம். இதைக் கண்ட பெரியவர் ஒருவர், "ஓதிக் கொடுக்கும் உஸ்தாதே இப்படிச் செய்தால் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்ளும்?" என்று வருந்தினார். "பிள்ளைகள் இதையும் கற்க வேண்டும் அத்தா" என்று பணிவுடன் பதிலுரைத்தோம்.

அன்று அவரிடம் நினைவூட்டிய செய்தி அபூதாவூதில் இடம்பெற்றது. பயணத்தில் கல்லடி பட்டுத் தலையில் காயமுற்ற ஒருவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தமக்குச் சலுகை உண்டா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கையில் சலுகை இல்லை என்றனர். அவர் குளித்தார், இறந்தும் போனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், அறியாமல் தீர்ப்புரைத்தோரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அம்மனிதரின் பேணுதலை யாரும் ஐயுறவில்லை. தவறு, சலுகையை மறுத்தவர்களுடையது. வீட்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் 'இதற்கெல்லாமா விடுவது?' என்று கேட்கும் நாம் ஒவ்வொருவரும் இச்செய்தியைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நடைமுறையைச் சுருக்கமாகக் கூறுவோம். கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது உளூவில் எப்போதும் கடமையன்று. முகத்தின் ஏனைய பகுதிகளைக் கழுவும்போது நீர் கண்ணுக்குள் வழியும் என்ற அச்சமிருந்தால், நனைத்த துணியை அருகில் வைத்து மெல்லப் பிழிந்து கழுவும் வழியை ஷாஃபி மத்ஹபின் நூல்கள் கூறுகின்றன. நாம் அவ்வாறே செய்தோம். இமையைச் சுற்றி நீர் படுவதே தீங்கு எனில், கழுவாமல் விட்ட இடத்திற்காக முகம் கழுவும் கட்டத்திலேயே தயம்மும் செய்ய வேண்டும். ஒவ்வொரு ஃபர்ளுக்கும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கையிலுள்ள மண்ணைத் தட்டிக் குறைத்துக்கொள்வது சுன்னத் என்பதால் தூசியின் அச்சமும் குறைகிறது. கண்களை நன்கு மூடிக்கொள்க. ஹனஃபி மத்ஹபில் இயன்ற இடத்தைக் கழுவி, பாதிக்கப்பட்ட இடத்தை ஈரக் கையால் தடவ வேண்டும். தடவுவதும் தீங்கு எனில் விட்டுவிடலாம். கழுவுதலோடு தயம்முமை இணைப்பதில்லை. சிகிச்சைக்கு முன்பே தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

சொட்டு மருந்தைப் பற்றியும் கேட்கின்றனர். ஷாஃபி, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்திடுவதால் நோன்பு முறியாது, தொண்டையில் அதன் சுவை தெரிந்தாலும் சரியே. ஆகவே நோன்பைக் காரணம் காட்டி மருந்தைத் தவறவிட வேண்டியதில்லை.

ஸஜ்தாவும் மருத்துவரின் சொல்லும்

லாசிக் செய்துகொண்ட நமக்கு ஸஜ்தா தடுக்கப்படவில்லை. தொழும் விரிப்பைத் தூசி நீக்கி வைத்துக்கொள்ளவும், கண்ணை அழுத்தாதிருக்கவும் மட்டுமே மருத்துவர் கூறினார். ஆனால் கண்புரை, விழித்திரை அறுவைச் சிகிச்சைகளின் நிலை வேறு. குனியக்கூடாது, குறிப்பிட்ட நிலையிலேயே படுக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் கட்டுப்பாடுகள் வரலாம். ஒருவருக்குக் கிடைத்த சலுகையை மற்றவர் தாமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது; ஒருவருக்கு இல்லாத கட்டுப்பாட்டைக் காட்டி மற்றவரைக் குறை கூறவும் கூடாது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கண்ணுக்குச் சிகிச்சை அளிக்க மருத்துவர் முன்வந்து, சில நாட்கள் படுத்த நிலையில் தொழ நேரிடும் என்றபோது, அவர்கள் சிகிச்சையையே கைவிட்டதாக அறிவிப்பு உண்டு. அவ்வுயர்ந்த பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆயினும் அதைச் சட்டமாக்கிப் பிறர் மீது சுமத்த இயலாது. நம்பகமான மருத்துவர் கூறினால் கண் சிகிச்சைக்காகப் படுத்துத் தொழலாம் என்பதே ஷாஃபி அறிஞர்களுள் பெரும்பாலோரின் வலுவான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்மஜ்மூஃ' நூலில் குறிப்பிடுகிறார்கள். ஹனஃபி மத்ஹபும் இதற்கு அனுமதி அளிக்கிறது. கண் சிகிச்சையும் தொழுகையும் சந்திக்கும் இடத்தை நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து வைத்திருக்கின்றனர்.

பெண்களுக்கு ஓய்வு உண்டா?

நாம் சொல்ல விரும்பும் மிக முக்கியமான செய்தி இது. நமக்குச் சிகிச்சை நடந்தபோது வீடே நமக்காக அமைதி காத்தது. தேநீர் இருந்த இடத்திற்கு வந்தது. எம் மகளின் முறை வந்தபோது, நலம் விசாரிக்க வந்த உறவினர்கள் மூன்றாம் நாளே, 'கண்தான் தெரிகிறதே, எழுந்து தேநீர் போடேன்' என்றனர். அடுப்புப் புகை, தாளிக்கும் மிளகாயின் நெடி, வெங்காயம், பாத்திரம் துலக்கும் நீர்த்துளி, ஒட்டடை அடிக்கும் தூசி என மருத்துவர் தவிர்க்கச் சொன்னவை பெரும்பாலும் பெண்கள் அன்றாடம் புழங்கும் இடத்திலேயே உள்ளன. ஒரு வாரம் அவள் சமையலறைக்குள் செல்லமாட்டாள் என்று வந்தவர்களிடம் தெளிவாகக் கூறினோம். அந்த வாரம் எம் மகன்கள் அரிசி களைந்தனர். வீட்டு வேலைகளில் தம் குடும்பத்தாருக்கு உதவுவது நபி (ஸல்) அவர்களின் வழமை என்று பாடம் நடத்துவோருக்கு அதைச் செய்து காட்டும் வாய்ப்பு அது.

நிக்காஹ்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மணமகளுக்குச் சிகிச்சை செய்விக்கும் வழக்கமும் இதனால்தான் கவலை தருகிறது. சுர்மா, ஒப்பனை, விருந்தினர் கூட்டம், உறக்கமின்மை ஆகிய அனைத்தும் மடல் படிய வேண்டிய நாட்களிலேயே வந்து சேர்கின்றன. மணமகன் வீட்டார் கண்ணாடியை விரும்பவில்லை என்பது சிகிச்சைக்கான காரணமே ஆகாது. செய்வதானால் பல மாதங்களுக்கு முன்பே, அவளுடைய விருப்பத்துடன் செய்யட்டும்.

பின்னர் வரும் மாதங்கள்

முதல் சில மாதங்கள் கண் வறட்சி இருந்தது. மின்விசிறியின் நேர்க்காற்றைத் தவிர்த்து, செயற்கைக் கண்ணீர்ச் சொட்டுகளை இட்டு வந்தோம். பஜ்ருக்குச் செல்லும் இருளில் தெருவிளக்குகளைச் சுற்றி ஒளி வளையங்கள் தெரிந்தன. அவை மெல்ல மெல்லக் குறைந்தன. நாற்பதைக் கடந்தோருக்கு இயல்பாக வரும் அண்மைப் பார்வைக் குறைவை லாசிக் தடுப்பதில்லை என்று மருத்துவர் முன்பே தெரிவித்திருந்தார். அவ்வாறே இன்று முஸ்ஹஃபை ஓதுவதற்கு நாம் படிப்புக் கண்ணாடி அணிகிறோம். நாற்பதைத் தாண்டியோர் இதை அறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

கண் நமக்கு உரிமையானதன்று. அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். எதைக் கண்டோம் என்பதற்கு மறுமையில் கணக்கு உண்டு. எப்படிக் காத்தோம் என்பதற்கும் உண்டு. உங்கள் வீட்டில் யாருக்கேனும் சிகிச்சை நடந்தால், பழக்கூடையோடு சென்று நலம் விசாரியுங்கள், துஆச் செய்யுங்கள், அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றை நீங்கள் செய்துவிட்டு விரைவில் விடைபெறுங்கள்.

நம் பார்வையை நன்மையின் பக்கம் திருப்பி, இறுதிவரை அதன் ஒளியை நமக்கு நிலைக்கச் செய்வானாக! நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.