கவர்னர் கோல்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சரித்திரத்தைப் பயில்வோர் வாஷிங்டன், ஜெபர்ஸன், லிங்கன் என்னும் பெயர்களோடு அமைந்துவிடுகின்றனர். இல்லினாய் மாகாணத்தின் இரண்டாம் கவர்னராகிய எட்வர்டு கோல்ஸ் என்பாரைக் கேட்டறிந்தோர் மிகச் சிலரே. அடிமைமுறை என்னும் ஒன்றைப் பொறுத்தமட்டில், இவர் ஜெபர்ஸனினும் உயர்ந்தவர் என்பது எமது துணிபு.

1786-ம் ஆண்டில் வர்ஜீனியாவில் செல்வமிக்க நிலக்கிழார் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்த கோல்ஸ், வில்லியம்-மேரி கலாசாலையிற் பயின்றார். அதன் தலைவராகிய பிஷப் மாடிஸன் மனிதவுரிமைகளைப் பற்றிப் போதித்தகாலை, மனிதனை மனிதன் உடைமையாகக் கொள்ளுதல் முறையாகுமோ என மாணவர் வினவினார். முறையன்று, ஆயினும் ஒழித்தல் அரிது என்பதே ஆசிரியர் விடை. இத்தகைய விடைகளை நாமும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அமைதியுறுகின்றோம். கோல்ஸ் அமைதியுற்றிலர். 1808-ல் தந்தையார் இறக்க, நிலத்தோடு அடிமைகளும் அவர் பங்கிற்கு வந்தனர்.

பின்னர் அவர் ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிஸனுக்கு அந்தரங்கக் காரியதரிசியாயினார். அப்பதவியிலிருந்தவாறே 1814 ஜூலையில் ஜெபர்ஸனுக்குக் கடிதம் வரைந்து, மாந்தரனைவரும் சமமெனப் பறைசாற்றிய அவரே அடிமைகளின் விடுதலைக்கும் தலைமை தாங்கவேண்டுமென வேண்டினார். எழுபத்தொரு பிராயத்தினராகிய ஜெபர்ஸன் முதுமையைக் காரணங்காட்டி, இஃது இளைஞர்க்குரிய முயற்சியென்று ஒதுங்கினார். அன்றியும், அடிமைகளை விட்டுவிட்டு நாடு நீங்கலாகாதென அறிவுரையும் பகர்ந்தார்! பிராங்க்ளின் அதனினும் முதிர்ந்த பிராயத்தில் ஆற்றிய தொண்டினைச் சுட்டிக் கோல்ஸ் மறுமொழி விடுத்தார். அதற்குமேல் பெரியோரை அவர் எதிர்நோக்கவில்லை.

1819-ம் ஆண்டு வசந்தகாலத்தில், ஓஹையோ நதியில் மிதந்து சென்ற படகுகளில், உடன்வந்த அடிமைகளை நோக்கி, நீவிர் இனி என்னைப்போற் சுதந்திரர் என்று கூறினார். இல்லினாயில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவர்க்கும் 160 ஏக்கர் நிலமும் வழங்கினார். செல்வர்க்கு ஈதல் எளிதேயன்றோ என்பாருமுளர். அங்ஙனமாயின் வர்ஜீனியாவின் ஏனைய செல்வர் யாது செய்தனர்? மாடிஸன் 1836-ல் இறந்தபோதும் தம் அடிமைகளை விடுவித்திலர்.

ஆயினும் அப்படகுக் காட்சியையே அவரது புகழின் சிகரமெனக் கொள்ளுதல் எமக்கு உடன்பாடன்று. தன் கையிலுள்ளதைத் துறத்தல் ஒன்று. ஒரு மாகாணத்தையே தீமையினின்று தடுத்தல் மற்றொன்று. 1822-ல் நால்வர் போட்டியிட்ட தேர்தலில் 2,854 வாக்குகள் பெற்று, 167 வாக்கு மிகுதியால் மட்டுமே கோல்ஸ் கவர்னரானார். அடிமைமுறையை ஆதரித்தோர் இருபாற் பிரிந்து நின்றதே வெற்றிக்குக் காரணம். மீதமிருந்த அடிமைமுறையையும் நீக்குமாறு அவர் கேட்டதும் சட்டசபை சினந்தெழுந்தது. மாகாண அமைப்பையே மாற்றி அடிமைமுறையைப் புகுத்த மகாசபை கூட்டலாமா எனக் குடிகளைக் கேட்கத் துணிந்தது. மூன்றிலிரு பங்கிற்கு ஒரு வாக்குக் குறைய, எதிராய் நின்ற அங்கத்தினர் ஒருவரைச் சபையினின்று நீக்கி வேறொருவரை அமர்த்திக் குறையைத் தீர்த்துக்கொண்டனர்! அதன்பின் பதினெட்டு மாதம் கோல்ஸ் தமது சம்பளம் முழுவதையும் இப்போராட்டத்திற்கே செலவிட்டார். பத்திரிகைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் இடையறாது எழுதினார். 1824 ஆகஸ்டில் 6,640 பேர் எதிர்த்தும் 4,972 பேர் ஆதரித்தும் வாக்களிக்க, மகாசபை கூடாதொழிந்தது.

எதிர்த்தோர் அனைவரும் அன்பினால் எதிர்த்தாரென யாம் கூறோம். கறுப்பரே தம் மண்ணில் வேண்டாமென்றவரும் அவருட் பலர். கறுப்பர்க்கோ வாக்குரிமையே இல்லை. அவர்களை ஒடுக்கிய சட்டங்கள் 1865 வரை அம்மாகாணத்தில் நீடித்தன. விடுவித்தவர்க்காகப் பிணைப்பத்திரம் எழுதித் தரவில்லையெனக் கவர்னர்மீதே வழக்குத் தொடுத்து 2,000 டாலர் தண்டமும் விதித்தனர். மேல்நீதிமன்றம் 1826-ல் அதனைத் தள்ளிற்று. வழக்கிட்ட ஜில்லாவின் பெயர் மாடிஸன் என்பது ஒரு வேடிக்கை.

இத்துணை ஆற்றியும் 1831-ல் காங்கிரஸுக்கு நின்ற அவரை இல்லினாய் மக்கள் தேர்ந்திலர். அவர் பிலடெல்பியா சென்று வாழ்ந்தார். 1862-ல் அவருடைய மகன் அடிமைமுறையைக் காக்க எழுந்த தென்னாட்டுப் படையில் நின்று ரோனோக் தீவில் மடிந்தான். 1865-ல் அம்முறை நாடு முழுதும் சட்டத்தால் ஒழிந்ததைக் கண்டபின், 1868-ல் தந்தை இறந்தார்.