உங்க ‘செல்’லுக்கு என்ன வயசு?

மொபைல் இல்லீங்க, உடம்பு செல்!

“68 வயசாச்சு... இனிமே கீமோ எதுக்கு?” கேன்சர் வந்த தாத்தாவைப் பார்த்து இப்படிச் சொல்ற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் உண்டு. அவர் பார்ப்பது பர்த் சர்டிஃபிகேட் வயசு. செல்லுக்குத் தனி வயசு இருக்கு பாஸ்!

ரத்தத்தில் இருக்கும் டி-செல்கள் முதுமை அடைய அடைய, ‘பி16’ என்ற ஜீனின் வேலை எகிறும். ஒரே வயசுக்காரர்களிடமே இந்த அளவு மாறும். கீமோவும் அதை ஏற்றிவிடும். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த பெண்களை வட கரோலினா பல்கலைக்கழகக் குழு பரிசோதித்து, செல்களுக்கு ஏறக்குறைய 15 வயசு கூடியிருந்ததாக 2014-ல் சொன்னது.

கீமோவை யார் தாங்குவார் என்று இதை வைத்துக் கணிக்க முடியுமா? ஆராய்ச்சி நடக்கிறது. அந்த டெஸ்ட் இன்னும் வழக்கத்துக்கு வரலை. அதுவரை, தாத்தா படியேறுகிறாரா, நல்லா சாப்பிடுகிறாரா, ஞாபகம் எப்படி... எல்லாத்தையும் டாக்டரிடம் சொல்லுங்க. காலண்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்!